நிமிரக் கூடாத நாட்கள்

ஊர் பார்க்கக் குனிந்துவிட்டேன். நடந்த தப்பு அதுதான். வேறு ஒன்றும் இல்லை.

உட்காரும். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாள். வர நேரமாகும். நர்ஸிடம் போய்க் கேட்க வேண்டாம், நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. வயிற்றை எக்கிக்கொண்டு உட்காராதீர். முதல் நாள் வருகிறவன் எல்லாரும் எக்கிக்கொண்டுதான் உட்காருகிறான். காட்டத்தானே வந்திருக்கிறீர்? விடும். ஆங், அப்படி.

என்ன பார்க்கிறீர்? ஆமாம், எனக்குத்தான் செய்தது. மகளுக்கு இல்லை, மருமகளுக்கு இல்லை. எனக்கு. தொங்குகிற வயிற்றுத் தோலை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இழுத்துத் தைக்கிற ஆபரேஷன். இன்றைக்குத் தழும்பைக் காட்ட வந்தேன். அழகுக்காகச் செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியம். இந்தச் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பதும் ஆரோக்கியத்துக்குத்தான்.

வலிக்குமா என்கிறீர். வலிக்கும். அது பெரிய விஷயம் இல்லை வே. குனிவதுதான் விஷயம். உமக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன், கேளும்.

கோவில்பட்டியில் இரும்புக்கடை எனக்கு. பிரம்மநாயகம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும், "யாரு, அந்தக் குனியாத அண்ணாச்சியா?" என்றுதான் திருப்பிக் கேட்பான். நானாக வைத்துக்கொண்ட பட்டம் இல்லை. வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு மந்திரி வந்தார். எல்லாரும் வில்லாக வளைந்து மாலை போட்டான். நான் நின்றபடி போட்டேன். மந்திரிதான் எட்டி வந்து கழுத்தைக் கொடுத்தார். கோயிலிலும் நின்றபடிதான் கும்பிடுவேன். சாமிக்கு என்னைத் தெரியும். கொள்கை என்றால் கொள்கை.

செருப்பு வாரை வீட்டுக்காரி மாட்டிவிடுவாள். கால் நகமும் அவள்தான் வெட்டிவிடுவாள். அது வேறு விஷயம்.

எனக்கு ஒரு அண்ணன் உண்டு. பூரணலிங்கம். எழுபத்தெட்டு வயசு. எங்கள் தெருவிலேயே, நாலு வீடு மேற்கே தள்ளி இருக்கிறான். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தப்பு யார் பேரில் என்று கேளும். அவன் பேரில்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் விசேஷம் என்றால் குடும்பத்தில் மூத்தவனைப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நேரில் போய் அழைக்கவேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பத்திரிகை எல்லாம் வைத்து, குனிந்து நீட்டவேண்டும். அவன் கையால் வாங்கினால் அழைத்ததாகக் கணக்கு. இல்லையென்றால் இல்லை. எனக்கு அறுபது முடிந்தபோது அறுபதாம் கல்யாணம் வைத்தோம். நான் அண்ணனுக்குப் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பினேன்.

ஏன் சிரிக்கிறீர்? டெல்லிக்குக் கூரியரில் அனுப்பினால் மரியாதை, நாலு வீட்டுக்கு அனுப்பினால் மரியாதை இல்லையா?

காரணம் இருந்தது வே. அதற்கு முந்தின மாசம் எங்கள் அப்பா திதி. எல்லாரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். நான் நின்றேன். ஐயர் என்னைப் பார்த்தார். அண்ணன் சொல்லுகிறான், "அவன விடுங்க சாமி. அவனுக்கும் பூமிக்கும் நடுவுல வயிறுல்லா நிக்கி." வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தான். என் வீட்டுக்காரியும் சிரித்தாள். இருமினேன் என்று பிறகு சொன்னாள். இப்படிச் சொன்னவன் வீட்டுக்கு நான் தாம்பாளம் தூக்கிக்கொண்டு போகவேண்டுமாம்.

கூரியர்காரன் கொண்டுபோன வேகத்தில் திரும்பி வந்தான். "அந்தப் பெரியவரு வாங்க மாட்டேங்காரு அண்ணாச்சி. குனிஞ்சு குடுக்கணுமாம். நானும் குனிஞ்சு நீட்டிப் பாத்தேன். 'நீ இல்லல'ன்னுட்டாரு."

அவன் வரவில்லை. "தம்பி குனிஞ்சு கூப்பிடாம அவன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று ஊரெல்லாம் சொன்னான். நானும் ஊரெல்லாம் சொன்னேன், குனிய மாட்டேன் என்று. அதோடு முடிந்தது. காலையில் அவன் பால் வாங்க வெளியே வருவான். நான் பேப்பர் எடுக்க வெளியே வருவேன். அவன் கிழக்கே பார்க்கமாட்டான். நான் மேற்கே பார்க்கமாட்டேன். சூரியன் மறைவதைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளும்.

சரி, வயிற்றுக்கு வருகிறேன்.

அறுபதாம் கல்யாணத்தில் என்ன செய்வார்கள் என்று தெரியுமா? பலகையில் உட்காரவைத்து, சட்டையில்லாமல், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். போட்டோக்காரன் அதைக் கிட்டே வந்து எடுத்தான். முகத்தை எடுக்கவில்லை. என் மச்சினன் மகன் ஒருத்தன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, அந்தப் போட்டோவை வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். என் வயிறு. அதன் மேலே தண்ணீர் விழுகிறது. குடும்ப குரூப்பில் மழை பெய்தால் அந்த ஸ்டிக்கர். குற்றால சீசன் என்றால் அந்த ஸ்டிக்கர். பிள்ளையார் சதுர்த்தி அன்று சொல்லவே வேண்டாம். பத்து வருஷம் வே.

அப்புறம் சர்க்கரை வந்தது. நடந்தேன், சோற்றைக் குறைத்தேன், வயிறு இறங்கியது. ஆனால் தோல் போகவில்லை. அரிசி தீர்ந்த சாக்கு மாதிரி தொங்கியது. இந்த நேரத்தில்தான் எழுபது வந்தது. எழுபதுக்கு பீமரத சாந்தி. மறுபடியும் பலகை, மறுபடியும் தண்ணீர், மறுபடியும் சட்டையில்லாமல். இந்தத் தடவை போட்டோக்காரன் மேலே பறக்கிற கேமராவும் கொண்டுவருவேன் என்றான். நான் முடிவு பண்ணிவிட்டேன். ஆரோக்கியத்துக்காக.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பிறகு, "எழுவது வயசுல எவ பாக்கப்போறா உங்க வயித்த?" என்றாள்.

"கேமரா பாக்கும்ட்டி."

"அதெல்லாம் இருக்கட்டும். அத்தானுக்கு எப்பம் பத்திரிகை குடுக்கப் போறோம்?" அத்தான் என்று அவள் சொல்வது என் அண்ணனை.

"கூரியர் இருக்கில்லா."

அவள் எழுந்துவிட்டாள். சத்தம் போடுகிற பழக்கம் அவளிடம் இல்லை. நின்றபடி சொன்னாள், "அவுகளுக்கு ஹார்ட்ல அடைப்பு. போன தையில ரெண்டு வாரம் ஆசுபத்திரில கிடந்தாக. நீங்க போய்ப் பாக்கல. இந்தத் தடவ முதக் குடம் அத்தான் கையால விழணும். அவுக வரலைன்னா நான் பலகைல உக்கார மாட்டேன். நீங்க ஒத்தையா உக்காந்து உங்களுக்கே தாலி கட்டிக்கிடுங்க."

சொன்னால் செய்வாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை, வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில் இருந்து மாட்டுத் தொழுவம் வரை... அது இப்போது எதற்கு? செய்வாள். அவ்வளவுதான். அவள் உட்காராவிட்டால் சாந்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, சமையல்காரனுக்குச் சொல்லியாயிற்று. நான் அண்ணன் வாசலில் போய்க் குனியவேண்டும். இல்லையென்றால் ஊர் சிரிக்கவேண்டும். இரண்டும் முடியாது. யோசிக்கலாம், முதலில் வயிறு முடியட்டும் என்று இங்கே வந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். நீரே பார்ப்பீர். முதலில் முடியாது என்றாள். "தாத்தா, இந்த வயசுல எதுக்கு?" என்றாள். தாத்தா என்று சொல்லாதே, கேஸ் ஷீட்டில் இருக்கிற பேரைச் சொல்லு என்றேன். ஹார்ட், சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்ததில் அவளுக்கே வருத்தம். அப்புறம் படம் போட்டு விளக்கினாள். இந்த இடுப்பில் இருந்து அந்த இடுப்பு வரை வெட்டு. தொப்புளை எடுத்து வேறு இடத்தில் வைக்கவேண்டும். இரண்டு பக்கமும் குழாய், குழாய் முனையில் பந்து, அதில் நீர் வடியும். வயிற்றைச் சுற்றி இறுக்கமான பெல்ட். தினமும் நடக்கவேண்டும், நடக்காவிட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளும். ஆனால் குனிந்துதான் நடக்கவேண்டும். நிமிர்ந்தால் தையல் இழுக்கும்.

இவ்வளவு பெரிய விஷயம் சொல்கிறாள். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி என்ன கேட்டாள் தெரியுமா? உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்கவில்லை. மருந்து என்ன என்று கேட்கவில்லை. "எம்புட்டு நாளைக்கும்மா குனிஞ்சு நடப்பாக?" என்றாள்.

"ரெண்டு வாரம் நல்லா குனியணும்மா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நிமிரலாம்."

"நல்லாக் குனியணுமா? எம்புட்டு, காட்டுங்க."

டாக்டர் எழுந்து குனிந்து காட்டினாள். என் வீட்டுக்காரி கவனமாகப் பார்த்தாள். "அப்பம் சரி. செஞ்சிருங்க" என்றாள். அதுவரை வேண்டாம் வேண்டாம் என்றவள் அப்படியே மாறிவிட்டாள். பொம்பளைகளுக்கு எது முக்கியம், எது முக்கியம் இல்லை என்று தெரியாது வே. எடுத்துச் சொன்னால்தான் புரியும்.

ஊருக்குக் குடலிறக்கம் என்று சொன்னோம். கௌரவமான வியாதி. ஆம்பளைக்கு வரக்கூடியது. பாரம் தூக்கினால் வருவது. இரும்புக்கடைக்காரனுக்குப் பொருத்தம்.

முதல் நாலு நாள் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சாய்வு நாற்காலியில் மடங்கிக் கிடந்தேன். முழங்காலுக்குக் கீழே தலகாணி. தும்மக்கூடாது, இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது. சிரிப்பு எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கோபமும் படக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. குரூப்பில் ஒருத்தன், 'விரைவில் குணமடைய வேண்டுகிறோம்' என்று அந்த ஸ்டிக்கரையே போட்டிருந்தான். கோபம் வந்தது. வயிறு இழுத்தது. உயிர் போய் வந்தது. உமக்குக் குடும்ப குரூப் இருந்தால் ஆபரேஷனுக்கு முந்தின நாளே வெளியே வந்துவிடும். ஓசியில் சொல்கிறேன்.

அப்புறம் விசாரிக்க வருகிறவர்கள். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், ரொட்டி. கொண்டுவந்ததில் பாதியை அவர்களே தின்றுவிட்டு, யார் யாருக்கு ஆபரேஷன் கெட்டுப்போய்ச் செத்தான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதுகூடப் பரவாயில்லை. கைலாசம் வாத்தியார் வந்தார். அவருக்கு நிஜமாகவே குடலிறக்கம். வேட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ரெண்டு பக்கமும் பண்ணினது. இந்தா, விரல் நீளம்தான் கீறல். உமக்குக் காமியும் பாப்போம்."

"வேண்டாம்."

"என்ன வே வெக்கம்? நான் பாக்காத குடலிறக்கமா? ஆமா, ரெண்டு பக்கமும் குழாய் தொங்குதே, எதுக்கு? எனக்கு வைக்கலையே!"

"இது பெரிய குடலிறக்கம்."

"எம்புட்டுப் பெருசு?"

"ஊர்லயே பெருசு."

வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. இதுவரை ஊரில் பெரிய குடலிறக்கம் அவருடையதாக இருந்திருக்கிறது. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஒரு வாரம் ஆனதும் வெளியே நடக்கச் சொன்னாள் டாக்டர். வீட்டுக்குள்ளே நடக்கிறேன் என்றேன். தெருவில்தான் நடக்கவேண்டும், வீட்டுக்குள் வாசல்படி தட்டிவிடும் என்று வீட்டுக்காரி பிடிவாதம். பந்துகளைத் துணிப்பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டு, மேலே துண்டைப் போட்டு மூடினாள். தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். தரை பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! எங்கள் தெருவில் இவ்வளவு குழி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நான் குழியைப் பார்க்கிறேன். ஊர் என்னைப் பார்க்கிறது. எதிரே வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? குனியாத அண்ணாச்சி, தோளில் துண்டு, உடம்பு வளைந்து, தலை குனிந்து எதிரே வருகிறார். முதலில் பலசரக்குக் கடைக்காரன் பதறிப்போய் எழுந்தான். "ஐயோ அண்ணாச்சி, நீங்க போய் எனக்கு..." என்று அவன் அதைவிடக் குனிந்தான். வார்டு கவுன்சிலர் பைக்கை நிறுத்தினான். போன தேர்தலில் அவனுக்கு எதிராக வேலை பார்த்தவன் நான். என் முன்னால் வந்து, கண்ணெல்லாம் கலங்கி, "பழசெல்லாம் நானும் மறந்துட்டேன் அண்ணாச்சி" என்றான். மறுநாள் தெருக்குழி எல்லாம் மூட ஆள் வந்தது.

நான் விளக்கம் சொல்ல நினைத்தேன். என்ன சொல்வது? குடலிறக்கக்காரன் இவ்வளவு குனிய மாட்டான் என்று வாத்தியார் ஏற்கெனவே சொல்லிக்கொண்டு திரிகிறார். இது மரியாதை இல்லை, வயிற்றுத் தையல் என்று சொன்னால் எங்கே தையல், எவ்வளவு தையல், எதற்குத் தையல் என்று போகும். பேசாமல் நடந்தேன்.

"அண்ணாச்சி தங்கமா மாறிட்டாரு" என்று பேச்சு. ஆட்டோவில் கடைக்கும் கொஞ்ச நேரம் போய் வந்தேன், வியாபாரம் கூடிவிட்டது. நான் குனிந்து நிற்பதைப் பார்க்கவே ஆட்கள் வந்து ஆணி வாங்கினார்கள்.

இதில் வீட்டுக்காரியின் கூத்தைக் கேளும். நடக்கக் கிழக்கே கூட்டிக்கொண்டு போகலாம், பூங்கா இருக்கிறது, மரம் இருக்கிறது. போகமாட்டாள். தினமும் மேற்கேதான். "அந்தப் பக்கம்தான் நெழலு" என்பாள். சாயங்காலம் மேற்கே நடந்தால் வெயில் மூஞ்சியில் அடிக்கிறது. நிழல் எங்கே இருக்கிறது? சொல்லிப் பார்த்தேன். "தரையத்தான பாக்கீங்க, மூஞ்சில எப்படி அடிக்கும்?" என்றாள். வழி தெரியாத ஜென்மம் என்று விட்டுவிட்டேன். முதல் நாள் ஒரு வீடு மேற்கே. மறுநாள் இரண்டு வீடு.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்றாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள். கோயிலுக்கு எதற்கடி பட்டு என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை என்றாள். தாம்பாளம் ஒன்று தயாராக இருந்தது. அவள் ஒரு கையில் குடை, ஒரு கையில் எண்ணெய்த் தூக்கு. "இதக் கொஞ்சம் பிடிங்க. கனமில்ல. டாக்டர்ட்ட கேட்டுட்டேன்" என்று தாம்பாளத்தை என் கையில் கொடுத்து, மேலே ஒரு பூத்துணியைப் போட்டு மூடினாள். நான் தரையைப் பார்த்து நடக்கிறேன். மூடி இருப்பதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நாலாவது வீடு வந்ததும் நின்றாள். "செருப்புல கல்லு மாட்டிக்கிட்டு" என்றாள். நானும் நின்றேன். எனக்கு எதிரே இரண்டு கால் தெரிந்தது. கணுக்காலில் வீக்கம். இடது பெருவிரல் நகம் கருத்துப் போயிருந்தது. சின்ன வயசில் கிணற்றடியில் நான் போட்ட கல்லால் கருத்த நகம். வேறு யார் காலையும் எனக்கு அப்படித் தெரியாது.

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நிமிரக்கூடாது. அந்தக் கால் நகரவும் இல்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு அண்ணனை அப்படித்தான் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே.

வீட்டுக்காரி குனிந்து தாம்பாளத்து மேலே இருந்த துணியை உருவிவிட்டாள். தேங்காய், பழம், வெற்றிலை. நடுவில் பத்திரிகை.

தெருவில் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டான். எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாளாம், அது பிறகுதான் தெரிந்தது. நான் சொல்ல நினைத்தேன். சத்தமாக, தெருவே கேட்கிற மாதிரி, 'நான் ஒண்ணும் குனியல' என்று சொல்ல வாயைத் திறந்தேன். நா வறண்டு தொண்டையில் இருமல் பிடித்துக்கொண்டது. இருமினால் வயிறு கிழிகிற மாதிரி வலி. வலி வந்ததும் இன்னும் மடங்கினேன். தலை தாம்பாளத்துக்குக் கீழே போய்விட்டது.

"போதும்ல" என்றான் அண்ணன். குரல் கிழவன் குரலாக ஆகிவிட்டிருந்தது. "போதும். கால்ல எல்லாம் விழ வேண்டாம்."

தாம்பாளம் என் கையைவிட்டுப் போயிற்று. வாங்கிவிட்டான்.

"வாரேன்ல. முத ஆளா வாரேன். வீட்டுக்குப் போ."

எனக்குக் கண்ணில் தண்ணீர். வலி வே. வலியில் வராதா? திரும்பி வீட்டுக்காரியைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்து, தோள் குலுங்க நின்றுகொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து நானே சமாதானம் சொன்னேன்.

அன்று ராத்திரிக்குள் ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. குனியாத அண்ணாச்சி அண்ணன் காலில் விழுந்துவிட்டார். குரூப்பில் புது ஸ்டிக்கர் வந்துவிட்டது. நான் தாம்பாளத்தோடு மடங்கி நிற்கிறேன். கீழே 'மன்னிச்சிருங்க' என்று எழுத்து. இப்போது எங்கள் குடும்பத்தில் எவன் எவனிடம் மன்னிப்புக் கேட்டாலும் அதைத்தான் போடுகிறான். என் மருமகன் என் மகளுக்கு வாரம் ஒன்று போடுகிறானாம்.

ஆனால் ஒன்று, மனசுக்குள் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அண்ணனை ஏமாற்றிவிட்டேன் அல்லவா? தம்பி குனிந்துவிட்டான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் குனியவே இல்லை. என் தையல்தான் குனிந்தது. கொள்கை பத்திரமாக இருக்கிறது.

விசேஷம் வந்தது. அதற்குள் நிமிர்ந்துவிட்டேன். வயிறு பலகை மாதிரி. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். பெல்ட் சரியாக இருக்கிறதா என்றுதான். மண்டபத்தில் உட்காரும்போதுதான் உறைத்தது. வெட்டுத் தழும்பு இந்த இடுப்பில் இருந்து அந்த இடுப்பு வரை. தொப்புள் வேறு புது இடத்தில் புதுக் கறுப்பாக இருக்கிறது. தெரியக்கூடாது. வேட்டியை நெஞ்சு வரை ஏற்றிக் கட்டி, அதற்கு மேலே துண்டைச் சுற்றி உட்கார்ந்தேன். வயிறே தெரியவில்லை. மேலே கேமரா பறந்துகொண்டிருக்கிறது. கீழே துணிதான் இருக்கிறது.

தெரிந்த கன்னத்தையும் கழுத்தையும் பார்த்துவிட்டு வந்தவன் எல்லாரும் என்ன சொன்னான்? "என்ன அண்ணாச்சி இப்பிடி வத்திட்டாக? சுகர் ரொம்பக் கூடிட்டோ?" என்றான். ஒருத்தி என் மகளைத் தனியே கூப்பிட்டு, டாக்டர் என்ன சொல்லுகிறார், எத்தனை நாள் என்று விசாரித்திருக்கிறாள். நன்றாக இருக்கிறது என்று ஒருத்தன் சொல்லவில்லை வே. ஒரே ஒருத்தன்.

முதல் குடம் அண்ணன். தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தான். மூச்சு வாங்கியது. பெரிய மாலை ஒன்று கழுத்தில். அவன் மகன் குடத்தைத் தாங்கப் போனபோது, "விடுல. நான் ஊத்துவேன்" என்று தட்டிவிட்டான். தலையில் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே காதருகே குனிந்தான். மேளச் சத்தம். அவனுக்கும் எனக்கும் மட்டும் கேட்டது.

"தையல் ஆறிட்டால?"

"எந்தத் தையல்?"

"குடலிறக்கத்துக்கு இடுப்பு பூராவுமா கிழிப்பான்? தோல வெட்டினதுதான?"

தண்ணீர் கண்ணில் இறங்கியது.

"உன் பொண்டாட்டி ஆபரேசனுக்கு முன்னாலயே வந்து சொல்லிட்டா. 'அத்தான், ரெண்டு வாரத்துக்கு இவுக நிமிர மாட்டாக. அந்த நேரம் பாத்துத் தாம்பாளத்தோட கூட்டியாரேன். நீங்க வாசலுக்கு மட்டும் வந்து நில்லுங்க'ன்னா. எனக்கும் முதல்ல பிடிக்கல. மனசுல இருந்து வராத குனிவு எனக்கு எதுக்குன்னு கேட்டேன். 'மனசுல இருந்து வர வரைக்கும் நீங்களும் இருக்க மாட்டீங்க, அவுகளும் இருக்க மாட்டாக'ன்னுட்டா. சரிதானலே? வந்ததப் போதும்னு வாங்கிக்கிட்டேன்."

குடம் காலியாகிவிட்டது. அவன் நிமிரவில்லை. இன்னும் என் காதிலேயே இருந்தான்.

"இப்பம் பாரு. நானும்தான் உங்கிட்ட குனிஞ்சு நிக்கேன். கணக்குச் சரியாப் போச்சு."

பக்கத்துப் பலகையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரி தலை நனைந்து, குங்குமம் கரைந்து மூக்கு வரை இறங்கி, ஒன்றும் தெரியாத மாதிரி ஐயர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்து, "என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"அப்பம் நேரா உக்காருங்க. கேமரா வருது."

இதைக் கேட்ட பிறகு கோபப்படாமல் இருக்க முடியுமா? பட்டேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் கவனிக்கவில்லை.

இப்போது தினமும் காலையில் அண்ணன் வந்துவிடுகிறான். நாலு வீடு நடந்து வர அவனுக்கு நேரமாகிறது, ஆனாலும் வந்துவிடுகிறான். என் நாற்காலியில் உட்காருகிறான். பேப்பரை எனக்கு முன்னால் அவன் பிரிக்கிறான். இரண்டு டம்ளர் காபி. சர்க்கரை போட்டு. போகும்போது அவன் செருப்பு வார் அவிழ்ந்துவிடும், அவனுக்குக் குனிந்தால் மூச்சு முட்டுகிறது. நான்தான் மாட்டிவிடவேண்டியிருக்கிறது. இப்போது எனக்கு நடுவில் வயிறு இல்லையே, சுலபமாக எட்டுகிறது. அதைக் குனிவு என்று சொல்லமுடியாது. செருப்பு மாட்டுவது வேறு.

நர்ஸ் கூப்பிடுகிறாள் பாரும். உம்மைத்தான். ஃபைலை எடுத்துக்கொள்ளும். செய்யலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்காதீர். உம் வயிறு, உம் குடும்பம். டாக்டர் கைராசிக்காரிதான், அதில் குறை இல்லை. ஆனால் அவள் சரிசெய்தது தோலை மட்டும்.

மற்றதைச் சரிசெய்தவள் அந்தா, எதிரே மருந்துக்கடையில் நின்று மாத்திரைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், பச்சைச் சேலை. பேரா? கல்யாணமான நாளில் இருந்து 'ஏட்டி', 'இந்தா' என்றே கூப்பிட்டாயிற்று. சொல்ல நாக்கு வரமாட்டேன் என்கிறது. இங்கே வாரும், கிட்டே. அவள் காதில் விழுந்தால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

செண்பகவல்லி.